களை மருந்து

சனிக்கிழமை காலை எட்டரைக்கு
சுங்கை கெலாடி சமூகக் கல்லூரி மண்டபத்தில்
சுற்றுச்சூழல் உரை. பிற்பகல் பட்டறை.
கணக்கியல் நடத்துகிற என்னை
மேடையோரம் உட்காரவைத்து
கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.
"அவங்க மலாய்ல பேசுவாங்க, நீங்க தமிழ்ல சொல்லுங்க.
தோட்டத்துலருந்து ஆள் வருது."

ஆள் வந்தது. மூன்று வேன்,
பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்.
வந்தவர்களுக்கு ஆளுக்கொரு தண்ணீர் போத்தல்,
பிளாஸ்டிக் குறைப்போம் என்று அச்சடித்த
பிளாஸ்டிக் பை.
பசியாற மீகூன், நுரைப்பெட்டியில்.
நூற்றுப் பதினெட்டுப் பெட்டி.
எண்ணுவது என் தொழில்; எண்ணினேன், அவ்வளவுதான்.

டாக்டர் ஹஸ்னிசா நல்ல பேச்சாளர்.
ஒரு வாக்கியம், ஒரு நிறுத்தம்,
என் பக்கம் ஒரு தலையசைப்பு.
நிலத்தடி நீர் என்றார், சொன்னேன்.
ஆற்றங்கரை அரிப்பு என்றார், சொன்னேன்.
பல்லுயிர் என்ற சொல் அவசரத்துக்கு வரவில்லை;
"எல்லா உயிரும்" என்றேன்.
அது பரவாயில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு திரையில் செம்பனை நிரை.
முதுகில் நீலத் தொட்டி சுமந்து ஒரு பெண்,
முகம் படத்தில் விழவில்லை.
"ராச்சுன் ரும்பாய்" என்றார் டாக்டர்.
நான் யோசிக்கவே இல்லை.
"களை மருந்து" என்றேன்.

மூன்றாம் வரிசையில் ஒரு கை.
கேள்வி நேரம் இன்னும் வரவில்லை,
கை இறங்கவுமில்லை.
இன்பவள்ளி, மேல் பிரிவு, மருந்தடிப்பில் பதினாறு வருஷம்:
பெயரேட்டில் பிற்பாடு பார்த்துக்கொண்டது.
"சார், அவங்க ராச்சுன்னுதானே சொன்னாங்க?
நீங்க ஏன் மாத்துறீங்க?"

மண்டபத்தில் பன்னிரண்டு மின்விசிறி.
பன்னிரண்டும் சுற்றுவது கேட்டது.

"நாங்களும் அப்படித்தான் சொல்றது.
மண்டோரு விடியக்காலையில
மருந்து கலக்கியாச்சாம்பாரு.
நகம் கறுத்து விழுந்தப்ப
கிளினிக்குல குடுத்ததும் மருந்துதான்.
ரெண்டுக்கும் ஒரே பேரு.
மைக்கு வச்சிருக்கீங்க, நீங்களாவது
அவங்க சொன்னதச் சொல்லுங்க."

என்ன கேட்கிறார் என்று
டாக்டர் என்னைப் பார்த்தார்.
அவர் மொழியில் ஊபாட் என்றால் மருந்து,
ராச்சுன் என்றால் விஷம்,
இரண்டுக்கும் நடுவே நல்ல சுவர்.
சுவரில்லாத வீட்டில் இருக்கிறோம் நாங்கள் என்பதை
எந்தச் சொல்லால் கொண்டுபோவேன்?
எலி மருந்து. கொசு மருந்து. பூச்சி மருந்து.
"மருந்தைக் குடிச்சிட்டா" என்று லயத்தில் சத்தம் கேட்டால்
யாரும் சந்தேகம் கேட்பதில்லை,
வண்டிச் சாவியைத் தேடுகிறோம்.
கடைசியில்
"என் மொழிபெயர்ப்பு தவறு" என்று மட்டும்
மலாயில் சொன்னேன்.
டாக்டர் எதையோ குறித்துக்கொண்டார்.

பட்டறையில்
ஆலைக்குப் பின்னாலுள்ள ஓடைத் தண்ணீரில்
காகிதப் பட்டை தோய்த்தோம்.
வந்த நிறம் அட்டவணையில் இல்லை.
ஈப்போவுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள்.
தன் போத்தலில் பேரெழுதச் சொன்னாள் இன்பவள்ளி.
"கொட்டையா எழுதுங்க, தொலைஞ்சிடப் போகுது."

நாலரைக்கு மழை. வேன்கள் போய்விட்டன.
கல்லூரி வேலியில் ஒரு பலகை,
போன வருஷம் மூன்று மொழிக்கும் கேட்டபோது
தமிழ் வரி நான் எழுதிக் கொடுத்தது:
மருந்து அடித்திருக்கிறது, புல்லில் உட்காராதீர்.
பையில் பட்டறை மார்க்கர் இருந்தது.
ஈரத்தில் மை பிடிக்கவில்லை.
மருந்தின் குறுக்கே பாதிக் கோடு,
மேலே "வி" வரைக்கும் வந்தது.

"என்ன சார் தப்பு?"
காவலர் தில்பகதூர், மலாயில், குடையோடு.
எழுத்துப்பிழை என்றேன்.
அவருக்குத் தமிழ் வாசிக்க வராது.
குடையை நகர்த்திப்
பலகைக்கு மேல் பிடித்தார்.